மண்ணுக்குள் போன ஒண்ணேகால் மில்லி ஆம்பியர்

பால் தொட்டியின் பேனலில் சிவப்பு எழுத்தில் நாலு என்றிருந்தது. பால் இருக்க வேண்டிய குளிர் அதுதான், நாலு டிகிரி. தமிழ்ச்செல்வி எண்ணைப் பார்த்துவிட்டுக் கம்ப்ரசரைப் பார்த்தாள். அது சத்தமில்லாமல் நின்றிருந்தது. நாலு வந்தால் தானாக நிற்கும், அஞ்சுக்கு ஏறினால் தானாக ஓடும். அதன் சுவிட்சில் அவள் விரல் வைத்ததே கிடையாது.

ஆனால் அவள்தான் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்தி வைக்கிறாள் என்று ஊத்துப்பட்டி முழுக்கப் பேச்சாக இருந்தது.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் அது. கடலையும் சோளமும் மழையை எதிர்பார்த்து நிற்க, வீட்டுக்கு வீடு அடுப்பை எரியவைப்பது மாடுதான். காலையும் மாலையும் பால் சங்கத்துக்கு வரும் பால் பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்றில் குளிர்ந்து, மதுரைக் கம்பெனியின் டேங்கர் லாரியில் போகும். தொட்டி இருக்கும் அறைக்குச் சாவி தமிழ்ச்செல்வியிடம். பொங்கல் கழிந்து கம்பெனிக்காரர்கள் வந்து, பால் ஊற்றும் கொட்டகைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். தொட்டிக்குள் இருக்கும் குளிரை அது மதுரைக்கே அனுப்பிவிடும். வம்பு அன்றைக்குத்தான் தொடங்கியது. இங்கே பேனல் நாலு என்று காட்டும்போது அங்கே எட்டு என்றும் ஏழரை என்றும் பதிவானது. லாரியில் போன பால் காய்ச்சும்போது திரிந்தும் போனது.

"மெஷின் கெட்டிருந்தா தெனமும் கெட்டிருக்கணும்ல," என்றார் சங்கத்து இயக்குநர் பேயாண்டி. "சில நாள் சரியா இருக்கு, சில நாள் இல்ல. லீவு போடுறது மெஷினா, மனுசியா?"

கரண்டை மிச்சம் பிடித்து நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்பது அவர் கட்சி. அன்றைக்கு மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து பார்ப்பார். மெஷினில் குறை இல்லை என்று சொல்லிவிட்டால், சாயங்காலப் பால் ஊற்றி முடிந்ததும் தமிழ்ச்செல்வி சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

மெக்கானிக் செக்கானூரணி ரோட்டில் பைக்கில் வந்து இறங்கினார். பெயர் பெர்சி. பசுமலைக்காரர். நாற்பது வயது இருக்கும். வந்தவர் பேனலைப் பார்க்கவில்லை. தொட்டியின் மூடியைத் தூக்கி, தோள்பைக்குள் இருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பாலுக்குள் விட்டார்.

"இங்க இது மாதிரி ஒண்ணு இல்லையாம்மா?"

"இருந்துச்சுண்ணே. ஆடியிலயே ஒடஞ்சு போச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், வாங்கித்தாரேன் வாங்கித்தாரேன்னு சொல்றாக." அவள் பேயாண்டியைப் பார்க்காமல் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தார்.

பெர்சி தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்தார். எட்டு. தன் செல்போனில் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். அதிலும் எட்டு. பேனலில் நாலு.

தமிழ்ச்செல்வி பேனலை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் அந்தச் சிவப்பு எண்ணை நம்பித்தான் எல்லோரிடமும் சண்டை போட்டாள். மதுரைக்காரன் பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். பொய் சொன்னது அவள் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த நாலு.

"அப்ப பேனல்தான் கெட்டுப்போச்சா?"

"பாத்துருவோம்."

பெர்சி பேனலுக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, கையடக்கமான ஒரு கருவியிலிருந்து தானே கரண்ட் கொடுத்தார். எட்டு டிகிரிக்கு உண்டான கரண்டைக் கொடுத்தபோது பேனல் எட்டு என்றது. நாலுக்கு நாலு என்றது. பத்துக்குப் பத்து. பிறகு தொட்டியில் செருகியிருந்த சென்சாரைத் தனியாகச் சோதித்தார். அதுவும் சரியாக இருந்தது. பெட்டியும் சரி. எல்லாவற்றையும் பழையபடி சேர்த்து மாட்டினார். பேனல் மறுபடியும் நாலுக்கு இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"தனித்தனியாப் பாத்தா எல்லாரும் யோக்கியம்," என்றாள் வாசலில் நின்ற சீனியம்மாள். ரெண்டு எருமை வைத்திருப்பவள். கேன் கழுவ வந்தவள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள். "கூட்டம் சேந்தாத்தான் வம்பு. சங்கத்துக் கூட்டம் மாதிரி."

"ஒன் வாயி இருக்கே சீனியம்மா," என்றார் பேயாண்டி.

பெர்சி சிரித்தார். கேனில் நம்பர் போடும் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, சிமென்ட் தரையில் குந்தி உட்கார்ந்து பெரிதாக ஒரு வட்டம் போட்டார். பார்த்தவுடனே தெரிந்தது, இவருக்கு இதைச் சொல்வதில் ஆசை அதிகம்.

"இது ஒரு வாய்க்கால்னு வச்சுக்கங்க. தண்ணிக்குப் பதிலாக் கரண்ட். பேனலுக்குள்ள இருக்குற சப்ளையில கெளம்புது. மொதல்ல சென்சார். இதுதான் மடை. பால் சூடா இருந்தா மடையைக் கொஞ்சம் தெறக்கும், குளுந்தா கொஞ்சம் மூடும். அப்புறம் கொட்டகையில இருக்குற பெட்டி. அது வழியாப் போற கரண்டை அளந்து மதுரைக்குச் சொல்லுது. அப்புறம் திரும்பி வந்து பேனல் மீட்டர். அதுவும் அதே கரண்டைத்தான் அளக்குது. அளந்து முடிச்சதும் சப்ளைக்கே திரும்பிருது. ஒரே வாய்க்கால், அதுல ரெண்டு ஆளு அளந்து பாக்குறாங்க."

"பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிருவாகளா?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

"இல்லம்மா. அதுதான் இதுல அழகு. அளக்குறவன் ஒரு சொட்டுக்கூட எடுத்துக்க மாட்டான். பெட்டிக்குள்ள எம்புட்டு நொழஞ்சதோ அம்புட்டும் வெளிய வந்தாகணும். நூறு மீட்டரு தள்ளிப் போய் அளந்தாலும் அதே அளவு. குழாய்ல தண்ணி தூரம் போகப் போக அழுத்தம் கொறையும், ஆனா ஓட்டை இல்லேன்னா அளவு கொறையாதுல்ல, அது மாதிரி. அதுனாலதான் சேதியைக் கரண்டா அனுப்புறோம்."

அவர் இன்னொன்றும் சொன்னார். பால் பனிக்கட்டியாகிப் பூச்சியம் டிகிரிக்கு வந்தாலும் அந்த வாய்க்காலில் நாலு மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஆம்பியரை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் நாலு பங்கு. பூச்சியத்துக்கும் பூச்சியம் என்று வைத்தால், குளிர்ந்துபோன பாலுக்கும் அறுந்துபோன வயருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவே அந்த நாலு.

தமிழ்ச்செல்வி சுவரோரம் ஓடிய மெல்லிய வயரைப் பார்த்தாள். தினமும் ஒட்டடை அடிக்கும்போது துடைப்பத்தால் தட்டிவிடுகிற வயர். அதற்குள் இப்படி ஒன்று இரவும் பகலும் சொல்லிக்கொண்டே ஓடுகிறது என்று யார் நினைத்தார்கள்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே எண்ணுத்தானே சொல்லணும்?" என்றாள்.

"சொல்லலேன்னா?"

அவள் சாக்பீஸ் வட்டத்தையே பார்த்தாள். "நடுவுல எங்கயோ ஒழுகுது."

பெர்சி எழுந்து மல்டிமீட்டரை எடுத்தார். கொட்டகைக்குப் போய், பெட்டிக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில் அளந்தார். ஆறரை மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. பேனலுக்கு வந்து அளந்தார். அஞ்சேகால். ஒண்ணேகால் மில்லி ஆம்பியர் வழியில் காணாமல் போயிருந்தது. வயரில் கீறல் இல்லை, எலி கடிக்கவில்லை.

அவர் மறுபடியும் கொட்டகைக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். பெட்டியின் அடியிலிருந்து பச்சை வயர் ஒன்று சுவரோடு இறங்கி, மண்ணில் அடித்திருந்த இரும்புக் குழாயில் முடிந்திருந்தது.

"எர்த்து," என்றார் பெர்சி. "இடி மின்னல் வந்தா பெட்டி கருகாம இருக்கப் போட்டிருக்காங்க. கூலர் ரூமுக்குப் பின்னாடி பழைய எர்த்துக் குழி ஒண்ணு இருக்குல்ல, அதுல செம்புத் தகடு. பேனலோட சப்ளை அதுல சேந்திருக்கு. இந்தப் பெட்டிக்குள்ள கரண்ட் வெளிய போற முனையும் எர்த்துல சேந்திருக்கு. தனித்தனியாப் பாத்தா ரெண்டும் தப்பில்ல. ஆனா ஒரு வாய்க்கால்ல ரெண்டு எடத்துல மண்ணைத் தொட்டா, ரெண்டுக்கும் நடுவுல மண்ணே இன்னொரு வாய்க்கால். பெட்டி வரைக்கும் ஒழுங்கா வந்த கரண்ட்ல ஒரு பங்கு, பேனல் மீட்டருக்குப் போகாம இந்தக் குழாய்ல எறங்கி, முற்றத்து மண்ணு வழியா நடந்து, அந்தச் செம்புத் தகட்டுல ஏறி, சப்ளைங்கிற தன் வீட்டுக்குப் போயிருது. பேனலுக்கு மிச்சம்தான் தெரியும். பால் குளுந்துருச்சுன்னு நெனச்சுக் கம்ப்ரசரை நிறுத்திருது."

தமிழ்ச்செல்வி தன் காலடியைப் பார்த்தாள். செம்மண். கோழி கிளறிப்போட்ட தடம். அதற்கடியில் தன் பாலின் சேதி போய்க்கொண்டிருந்தது.

பேயாண்டி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாம் சரி தம்பி. இந்தக் குழாய் தெனமும்தான் இங்க நிக்குது. வயரும் தெனமும் அதேதான். பிறகு எப்படிச் சில நாள் மட்டும் பால் நல்லாப் போகுது? அதைச் சொல்லுங்க. அதைச் சொல்லாட்டி நான் இதை ஒத்துக்கிற மாட்டேன்."

பெர்சி செல்போனில் பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தார். பேயாண்டி சொன்னது உண்மைதான். சில நாட்கள் கோடு ஒழுங்காக நாலுக்கு இறங்கியிருந்தது. "எதையோ விட்டுட்டேன்," என்று தனக்குள் முணுமுணுத்தார்.

தமிழ்ச்செல்வி அந்தத் தேதிகளை எட்டிப் பார்த்தாள். மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு முந்தின நாள். அப்புறம் ஒரு வியாழன். அப்புறம் பைப் உடைந்து கிடந்த நாட்கள். எல்லாமே பஞ்சாயத்துத் தண்ணீர் வராமல் போன நாட்கள். அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அவள் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த எர்த்துக் குழாயின் தூரில் மண் ஈரமாக இருந்தது. ஈரமாக வைத்தது அவள்தான். பெட்டி மாட்ட வந்தவர்கள், எர்த்து காயக்கூடாது, அப்பப்போ தண்ணி ஊத்துங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் யார் ஒரு குடம் தண்ணீரைச் சும்மா மண்ணில் கொட்டுவார்கள்? கேன் கழுவுகிற தண்ணீர்தான் வீணாக முற்றத்தில் ஓடுகிறதே என்று, மண்வெட்டி எடுத்து ஒரு கோடு கிழித்து அந்தக் குழாய்க்குத் திருப்பிவிட்டாள். காலையும் மாலையும் சலவைச் சோடா கலந்த கழுவுநீர் அதன் தூரில் தேங்கி நிற்கும். தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் கேன்களைச் சீனியம்மாளின் பம்புசெட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். பால் நன்றாகப் போனது அந்த நாட்களில்தான்.

சொன்னால் நீதான் காரணம் என்பார்கள். சொல்லாவிட்டால் சாவி போகும். சொன்னாலும் போகலாம். அவள் பெர்சியின் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் அந்தக் கோட்டையே பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். விடை கையில் இருக்கும்போது ஒருவர் இப்படித் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அண்ணே, நான்தான் இதுக்குத் தண்ணி விட்டேன்," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாத்தீகளா," என்றார் பேயாண்டி. "நான் சொல்லல? சுத்திச் சுத்தி இவகிட்டதான் வந்து நிக்குது."

பெர்சி அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "ஒரு குடம் தண்ணி கொண்டாங்கம்மா," என்றார் சீனியம்மாளிடம். பிறகு தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். "நீங்க பேனல் முன்னாடி நில்லுங்க. எண்ணைச் சத்தமாப் படிங்க."

சீனியம்மாள் ஊற்றினாள். தமிழ்ச்செல்வி கூலர் அறைக்குள் நின்று படித்தாள். நாலு. நாலு. மூணு புள்ளி ஒன்பது. கொஞ்ச நேரம் அசையவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இறங்க, மூணு புள்ளி ஏழு. மூணரை. தொட்டியில் பால் அப்படியே கிடந்தது; தெர்மாமீட்டரில் அதே எட்டு. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மண்ணில் தண்ணீர் ஊற்றினால் இந்தப் பக்கம் சிவப்பு எண் இறங்குகிறது. படிக்கும்போது அவள் குரல் தானாகவே தணிந்துவிட்டது, கோயிலுக்குள் பேசுவது போல.

"இப்பப் பாருங்க," என்று பெர்சி கொட்டகையிலிருந்து கத்தி, பச்சை வயரைக் கழற்றினார்.

எண் ஒரே தாவலாக எட்டுக்கு ஏறியது. சற்று நேரத்தில் கம்ப்ரசர் தடதடவென்று உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

பேயாண்டி வாசலில் வந்து நின்றிருந்தார். எண்ணையும் கம்ப்ரசரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

"ஈரம் இல்லாத மண்ணுல கரண்ட் நடக்காது," என்றார் உள்ளே வந்த பெர்சி. "காஞ்ச நாள்ல அந்தக் கள்ள வாய்க்கால் அடைஞ்சு கெடக்கும். நனைச்சா தொறந்துக்கும். இந்தம்மா சொல்லலேன்னா நான் வயரை மாத்திட்டு, ஏன் கெட்டுச்சு ஏன் நல்லாச்சுன்னு தெரியாமலே போயிருப்பேன். தண்ணி விட்டது தப்பில்ல, அது விடச் சொன்னதுதான். பெட்டியை வாய்க்கால்ல எந்த எடத்துல வச்சாங்கங்கிறதுதான் தப்பு." பிறகு ஒரு கணம் யோசித்தார். "இன்னொண்ணு பாக்கணும்னு தோணுது. வாங்க."

பேனலை அணைத்தார். சப்ளையையும் அணைத்தார். பெட்டியின் பச்சை வயரைப் போலவே பேனலின் எர்த்து வயரையும் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைச் செம்புத் தகட்டு வயரிலும், நீளமாக ஒரு வயர் இழுத்து மறு முனையை இரும்புக் குழாயிலும் வைத்தார். எதிலும் மின்சாரம் இல்லை. மீட்டரில் பூச்சியம் புள்ளி ஆறு வோல்ட் என்று வந்து நின்றது.

"எங்கருந்து வருது இது?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"மண்ணுலருந்து."

பெர்சி மீட்டரை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார்.

"டார்ச் லைட்டுல போடுற பேட்டரிக் கட்டைக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு வேற வேற பொருள், நடுவுல ஈரம். அம்புட்டுத்தான். இங்க ஒரு பக்கம் செம்பு. அந்தப் பக்கம் துத்தநாகம் பூசுன இரும்பு. நடுவுல ஒங்க சோடாத் தண்ணி குடிச்ச செம்மண்ணு. இந்த முற்றம் முழுக்கவே ஒரு பேட்டரிக் கட்டைம்மா. கரண்ட் சும்மா ஒழுகல, இந்த மண்ணு அதைப் புடிச்சு இழுத்திருக்கு."

சீனியம்மாள் ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றாள். "சாக் அடிக்குமா?"

"எறும்புக்குக்கூடத் தெரியாது மதினி," என்றாள் தமிழ்ச்செல்வி. தான் எப்படி அதைச் சொன்னோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த முற்றத்தில்தான் அவள் கோலம் போடுகிறாள், கேன் உருட்டுகிறாள், வெயிலில் சாக்கு காயப்போடுகிறாள். யாருக்கும் தெரியாமல், யாரையும் கேட்காமல், அது ஒரு வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. தான் வெட்டிவிட்ட வாய்க்கால்தான் அதற்கு உயிர் கொடுத்தது என்று நினைத்தபோது பயமும் வரவில்லை, குற்றமாகவும் படவில்லை. வானத்தைப் பார்க்கும்போது வருமே, அப்படி ஒன்று காலடியிலிருந்து வந்தது.

பெர்சி செய்த ரிப்பேர் சின்னது. எதையும் புதிதாகப் போடவில்லை, எதையும் எடுத்துவிடவும் இல்லை. வட்டத்தில் பெட்டியையும் பேனலையும் இடம் மாற்றினார். சென்சாரிலிருந்து வரும் கரண்ட் முதலில் பேனல் மீட்டருக்கு, அப்புறம்தான் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து நேரே சப்ளைக்கு. பேனலின் எர்த்து வயரைச் சேர்த்துவிட்டு, பச்சை வயரையும் திரும்பவும் குழாயில் முடுக்கினார்.

"எர்த்து திரும்பவும் ரெண்டாயிருச்சேண்ணே. திரும்ப ஒழுகாதா?"

"ஒழுகும். ஆனா எங்க ஒழுகும்?"

அவள் தரையில் அழிந்துகொண்டிருந்த வட்டத்தில் விரலால் போனாள். சென்சார். பேனல். பெட்டி. பெட்டியைத் தாண்டியதும் மண். அதற்கப்புறம் அளக்க யாருமில்லை.

"ரெண்டு பேரும் அளந்து முடிச்ச பிறகு," என்றாள் மெதுவாக. "அதுக்கப்புறம் வயர் வழியா வீட்டுக்குப் போனா என்ன, மண்ணு வழியாப் போனா என்ன."

பெர்சி தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அடுத்த வாரம் ஐசோலேட்டர் என்று ஒன்று கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றார். கரண்ட் ஒரு பக்கம் வந்து நிற்க, மறுபக்கம் அதே அளவு புதுக் கரண்ட் கிளம்புமாம். இரண்டையும் சேர்க்கும் வயரே கிடையாதாம். கரண்ட் இப்படி இறங்கும் வரைக்கும் மண் அந்த இரும்புக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்குமாம்; அதையும் மாட்டிவிட்டால்தான் அது நிற்கும்.

சாயங்காலம் பால் வந்தது. பெண்கள் ஊற்ற ஊற்றத் தொட்டி நிறைந்தது. புதுப் பாலின் சூட்டில் பேனல் இருபதைத் தாண்டி ஏறியது, பெர்சியின் செல்போனும் ஏறியது. கம்ப்ரசர் விடாமல் ஓடியது. பதினெட்டு, பன்னிரண்டு, ஒன்பது. பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது இரண்டும் கைகோத்துப் படி இறங்குவது போலிருந்தது. சங்கத்து ஆட்கள் கூட்டம் போட வந்தவர்கள், கூட்டம் போடாமல் பேனலைச் சுற்றி நின்றார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் இரண்டும் நாலில் வந்து நின்றன. தெர்மாமீட்டரும் நாலு என்றது.

பேயாண்டி மட்டும் அங்கே இல்லை. தமிழ்ச்செல்வி வெளியே எட்டிப் பார்த்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேன் ஒன்றில் தண்ணீர் மொண்டுவந்து எர்த்துக் குழாயின் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன நம்பர் காட்டுது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நாலு."

இன்னொரு கேன் மொண்டு ஊற்றினார். குனிந்து, தண்ணீர் மண்ணுக்குள் போவதைப் பார்த்தார். "இப்ப?"

"நாலுதான் சித்தப்பா."

"மதுரைக்கு?"

"அங்கயும் நாலு," என்றார் பெர்சி.

அவர் மூன்றாவது கேனை நிறைத்துக்கொண்டு வந்தார். ஊற்றவில்லை. குழாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தார். சுரமடித்த கன்றின் மேல் கை வைத்துப் பார்ப்பது போல வெகுநேரம் வைத்திருந்தார். ஒன்றும் தெரிந்திருக்காது.

"நான் ஒன்னைய அம்புட்டுப் பேசிட்டேன்," என்றார் மண்ணைப் பார்த்தபடியே. "கீழ இப்படி ஒண்ணு போறது எனக்கு எப்படித் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். தெர்மாமீட்டரை நாளைக்கு வாங்கித்தாரேன்." அவர் எழுந்து கேனைத் தூக்கினார். "இதையும் ஊத்திப் பாத்துரவா?"

"தண்ணியை வீணாக்காதீக சித்தப்பா," என்றாள் தமிழ்ச்செல்வி. "எருமைக்கு வைங்க."